ஆட்சேபணை உண்டானால்

1

போன ஜூன் மாதம் எங்கள் கம்பெனி கேன்டீனில் எனக்குக் கைதட்டினார்கள். கையில் கேக் தட்டு இருந்தது. எழுந்து நிற்பதா, உட்கார்ந்தே இருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்து பாதி உட்கார்ந்தேன். கூட்டத்தில் யாராவது என் பெயரைச் சொன்னாலே எனக்குக் காது சூடாகிவிடும். ஊரில் இருந்தபோதும் அப்படித்தான். பஸ்ஸில் நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊர். வேலை பார்ப்பது முந்திரியும் பாதாமும் பாக்கெட் போடுகிற கம்பெனியில். வெளிநாடுகளிலிருந்து பெட்டி பெட்டியாக வருகிற பருப்பை வறுத்து, உப்புப் போட்டு, அடைத்து, பெரிய கடைகளுக்கு அனுப்புகிறோம். பெல்ட்டில் ஓடுகிற பருப்பில் கறுத்ததையும் பூச்சி அரித்ததையும் பொறுக்கி எடுப்பது என் வேலை. பேச வேண்டிய அவசியமே இல்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது.

வருடத்தில் ஒரு நாள் பெல்ட்டை நிறுத்திவிட்டு எல்லாரையும் கேன்டீனில் உட்கார வைத்து நவீன அடிமைத்தனம் பற்றிப் பாடம் நடத்துவார்கள். அடிமை என்றால் காலில் சங்கிலி வேண்டும் என்பதில்லை. ஆளுடைய காகிதங்களை வாங்கி வைத்துக்கொள்வது, முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடுவது, நிற்க விரும்பாதவரை நிற்க வைப்பது எல்லாம் அதுதான் என்று திரையில் காட்டுவார்கள். எங்களுக்குப் பருப்பு அனுப்புகிற ஆலைகளில் அப்படி நடக்காமல் இருக்க என்ன செய்தோம் என்று கம்பெனி வருடா வருடம் எழுதி வெளியிட வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியின் பெயர் ஹெலன். நல்ல மனுஷி. என் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டவர். வில்சன் என்பதில் அவருக்குக் கஷ்டம் ஒன்றும் இருக்கவில்லை.

அன்றைக்கு ஹெலன் சொன்னார்: ஆலைகளில் சுவர் போன் வைத்து ஒரு வருடம் ஆகிறது. யாருக்கு என்ன குறை இருந்தாலும் காசில்லாமல் கூப்பிட்டுச் சொல்லலாம். தமிழ் லைனில் இந்த ஒரு வருடத்தில் ஒரு புகார்கூட வரவில்லை. அந்த லைனில் பேசுகிற குரல் நம்முடைய வில்சனின் குரல்.

அதற்குத்தான் கைதட்டல்.

2

அந்தக் குரல் எப்படி என்னுடையதாயிற்று என்று சொல்ல வேண்டும்.

என் மனைவி கிரேஸ் நர்ஸ். அவள் வேலைக்கு வந்தாள்; நான் அவள் பின்னால் வந்தேன். நான் பத்தாம் வகுப்பு. நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவன். சொந்த ஊர் இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கம்.

இவ்வளவு கூச்சப்படுகிற நான் ஊரில் ஒரே ஓர் இடத்தில் வாய் திறந்து பேசியிருக்கிறேன். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிப்பேன். கண் புத்தகத்தில் இருக்கும், யாரையும் பார்க்க வேண்டாம், சொந்தமாக ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம். அதனால் பயம் இல்லை. நன்றாக வாசிக்கிறான் என்று போதகர் கல்யாண ஓலை வாசிப்பதையும் என்னிடம் தந்தார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது என்று வாசித்து, இதற்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டானால் தெரியப்படுத்த வேண்டும் என்று முடிக்க வேண்டும். கோபுரத்தில் கட்டியிருக்கும் குழாய் ஒலிபெருக்கி வழியாக, சபைக்கு வராமல் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருக்கிறவர்களுக்கும் அது கேட்கும்.

எத்தனையோ வருடம் வாசித்தேன். ஒருவரும் எழுந்து ஆட்சேபணை சொன்னதில்லை. சொல்ல ஒன்றும் இல்லாமல் இல்லை. மாப்பிள்ளைக்கு வலிப்பு உண்டு என்று தெரிந்தவர்களும் இருந்தார்கள், பெண் அழுதுகொண்டிருக்கிறாள் என்று தெரிந்தவர்களும் இருந்தார்கள். அதையெல்லாம் கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு ரோட்டில் வைத்துச் சொல்வார்கள். ஓலை என்பது கேட்டுக்கொள்ள வேண்டியது, பதில் சொல்ல வேண்டியது அல்ல என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஹெலன் என்னைக் கூப்பிட்டு, கன்னியாகுமரி மாவட்டத்து ஆலைகளிலிருந்தும் நமக்கு முந்திரி வருகிறது, அங்கே இருப்பவர்களுக்குத் தங்கள் பக்கத்துக் குரல் கேட்டால் நம்பிக்கை வரும், நீங்கள் தமிழில் பேசித் தருவீர்களா என்று கேட்டபோது நான் முடியாது என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் வாசித்தால் போதும் என்றார். வாசிக்கத்தானே. ஒப்புக்கொண்டேன்.

"உங்களை யாராவது விருப்பமில்லாமல் வேலை செய்ய வைக்கிறார்களா? உங்கள் சான்றிதழ்களை வாங்கி வைத்திருக்கிறார்களா? தைரியமாகச் சொல்லுங்கள். உங்கள் பெயர் வெளியே வராது." வீட்டில் குளியலறையில் நின்று பத்துத் தடவை வாசித்துப் பழகினேன். கிரேஸ் வெளியே நின்று கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஓலை வாசிச்ச மாதிரியே இருக்கு."

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

3

கைதட்டல் கிடைத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவைப் போனில் கூப்பிட்டேன். ஸ்டெல்லா என் சித்தி மகள். அவள் புருஷன் தென்னையிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனான். அதிலிருந்து குழித்துறைக்கும் மேற்கே ஓர் அண்டி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். எங்கள் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்கு அண்டி ஆபீஸ் என்றுதான் பெயர். வீட்டிலிருந்து மூன்று பஸ் மாற வேண்டும் என்பதால் அங்கேயே கோட்டர்ஸில் தங்கல். வேலை நாளில் செல்போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஞாயிறு மத்தியானம்தான் கையில் கிடைக்கும். எங்கள் கம்பெனிக்கு வரும் பெட்டியில் ஒரு தடவை நம் மாவட்டத்தின் பெயரைப் பார்த்துப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். "இது எங்க ஆபீஸ் பெட்டியாக்கும் அண்ணே" என்று பதில் வந்தது. எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அவள் உடைத்த பருப்பை நான் பொறுக்குகிறேன்.

"மக்களே, அந்த சுவர் போன்ல ஒரு வருசமா ஒருத்தரும் ஒரு குறையும் சொல்லல்லியாம். எனக்குக் கைதட்டினாவ," என்றேன்.

அவள் சிரித்தாள். "விளிக்கல்லன்னு ஆரு சொன்னா? மாட்டின அன்னைக்கே நாங்க வரிசையா நின்னுல்லா அடிச்சோம். எடுத்தா நீங்க பேசுதிய."

"நானா?"

"பின்ன ஆரு? தைரியமாகச் சொல்லுங்கள்னு இழுத்தியளே. நம்ம ஊருக்காரி ஒருத்தி சொல்லுதா, ஏட்டி, இது நம்ம சபை வில்சன்லா, ஓலை வாசிக்கான், ஆருக்குக் கல்யாணம்னு கவனமா கேளுங்கட்டின்னு. சிரிச்சு எனக்குப் புரையேறிச்சு."

"பொறவு?"

"பொறவு என்ன, வச்சாச்சு."

"எதுக்கு வச்சிய? ஒண்ணை அமுக்கினா ஆளு வரும்லா."

அவள் இருமுவது கேட்டது.

"அண்ணே, மொதலாளி நம்ம சபைக்காரரு. உங்க கல்யாணத்துக்கு ஓடினது அவருக்க கார். உங்ககிட்ட சொன்னா அவருகிட்ட சொன்னது போலல்லா?"

"அது நான் இல்ல பிள்ளே. பதிஞ்சு வச்ச கொரலு. எடுத்துக் கேக்கியது வேற ஆளு. வெள்ளைக்காரி."

"அது உங்களுக்குத் தெரியும். இங்க உள்ளவளுவளுக்குத் தெரியுமா? பின்ன, நீங்க ஓலை வாசிச்ச காலத்துல ஆராவது எழும்பி ஒண்ணு சொல்லியிருக்கா?"

சபை என்றால் அவளுக்கும் எனக்கும் ஒரே சபை. மற்றப் பெண்கள் வேறு வேறு ஊர். ஆனால் கோட்டர்ஸில் ஒருத்திக்குத் தெரிந்தால் எல்லாருக்கும் தெரிந்த மாதிரிதான். வில்சன் என்றால் யார், யாருக்கு வேண்டியவன் என்பது அன்று சாயங்காலத்துக்குள் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

அப்படியானால் சொல்ல ஏதோ இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. வற்புறுத்திக் கேட்டேன். முதலில் சுகந்தான் என்றாள். பிறகு சொன்னாள்.

கொட்டை வறுக்கிற புகையில் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. டாக்டர் அந்த இடத்தில் இனி நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வேலையை விடுகிறேன் என்று மேனேஜரிடம் போனாள். அங்கே ஒரு வழக்கம் உண்டாம். கோட்டர்ஸில் தங்குகிறவள் வேலையை விட வேண்டுமானால் தன் வீட்டிலிருந்து ஓர் ஆளைப் பதிலுக்கு வைத்துவிட்டுப் போக வேண்டும். தங்கை, நாத்தனார், மகள், யாராக இருந்தாலும் சரி. ஸ்டெல்லாவுக்கு இருப்பது ஒரே மகள், ஜெனிஷா. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நர்சிங் சேர இருக்கிறாள். "பிள்ளைக்க சர்ட்டிபிகேட்டைக் கொண்டா, பாப்போம்" என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். ஏதோ நல்லதுக்கு என்று நினைத்து இவள் அசல் மார்க் லிஸ்டைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அங்கே எல்லாருடைய ஆதார் அட்டையும் சான்றிதழும் அதில்தான் இருக்கின்றன.

"பத்திரமா இருக்கும்னு சொல்லுதாவ," என்றாள் ஸ்டெல்லா.

4

இங்கே என் மகள் அபிக்கும் ஜெனிஷாவின் வயதுதான். ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். அபி ஊருக்குப் போன தடவை இரண்டு பேரும் ஒரே கட்டிலில் படுத்து, பாதி தமிழும் பாதி சைகையுமாக விடியும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது அபியிடம் பாதி தமிழ் இருந்தது. இப்போது நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் வரும். புரிகிறது, வாயில் வருவதில்லை என்கிறாள். சொல்லிக்கொடுக்க எனக்கும் தெரியவில்லை. என் ஆங்கிலத்தைக் கேட்டு அவள் சிரிக்காமல் இருக்கப் படுகிற பாடு எனக்குத் தெரியும். அதனால் நான் அதிகம் பேசுவதில்லை.

சாப்பாட்டு மேசையில் ஸ்டெல்லா சொன்னதைச் சொன்னேன். அபி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதுதான் அது," என்றாள் ஆங்கிலத்தில். "உங்களுக்குப் பாடம் நடத்தினார்களே, அதுவேதான். நீங்கள் நாளைக்கே சொல்ல வேண்டும். சொல்லாமல் எப்படி இருக்கிறீர்கள்?"

கிரேஸ் சொன்னாள்: "சொல்லுங்க. ஆனா ஸ்டெல்லாக்க பேரை வெளிய விட்டிராதீங்க. நாளைக்கு ஊர்ல அவ ஒத்தைக்கு நிக்கணும்."

புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஸ்டெல்லா முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தாள். அதை நாங்கள் அடைத்துவிடுகிறோம் என்று கிரேஸ் சொன்னாள். எனக்கும் அதுதான் சுலபமான வழியாகத் தோன்றியது. அடுத்த ஞாயிறு அதை ஸ்டெல்லாவிடம் சொன்னபோது அவள் ஏற்கனவே கேட்டுப் பார்த்ததாகச் சொன்னாள். முதலாளி சிரித்தாராம்.

"பைசா ஆரு கேட்டா, நமக்குள்ள என்ன பைசாக் கணக்கு, ஆளு இல்லன்னா ஆபீஸ் எப்பிடி ஓடும், நீயே சொல்லு பிள்ளேன்னு சொல்லுதாரு. நல்ல மாதிரியாத்தான் சொல்லுதாரு. நான் என்ன சொல்லட்டு?"

நான் என்ன சொல்வேன் என்று நினைத்துப் பார்த்தேன். அவள் புருஷனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது அவர் கார். அடக்கத்துக்கு முன்வரிசையில் நின்றவர் அவர். வேண்டாம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் பழக்கம் இல்லை. எனக்கும்தான்.

"நான் அவருகிட்ட பேசிப் பாக்கட்டா?" என்று கேட்டேன்.

"ஐயோ அண்ணே, பேசப்பிடாது. நீங்க பேசினா நான்தான் சொன்னேன்னு தெரியும்லா. எனக்க சொந்தக்காரன் வேற ஆரு அங்க இருக்கா?"

அவள் தடுத்ததும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

5

ஹெலனிடம் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று அபி எழுதிக்கொடுத்து இரண்டு நாள் பழக்கினாள். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. என் சொந்தக்காரி ஆபீஸில் இருக்கிறாள், அவளை விடமாட்டேன் என்கிறார்கள் என்றேன். ஹெலன் அவள் மேசை வேலை பார்க்கிறவள் என்று நினைத்துக்கொண்டு என்ன பதவி என்று கேட்டார். அண்டி ஆபீஸ் என்றால் கொட்டை உடைக்கிற இடம் என்று விளக்கவே கொஞ்ச நேரம் போனது.

கேட்டு முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் இதற்கு ஒரு முறை இருக்கிறது என்றார். புகார் அந்த போன் வழியாகத்தான் வர வேண்டும். அப்போதுதான் அது பதிவாகும். அவளால் கூப்பிட முடியாவிட்டால் நீங்கள் கூப்பிடுங்கள்.

"அவர்கள் கூப்பிட்டார்கள், பாதியில் வைத்துவிட்டார்கள்," என்றேன்.

ஆளை வரவழைக்கிற எண்ணை அமுக்காமல் வைத்தால் அது அழைப்பாகக் கணக்கில் வராது என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அவருக்கும் கேக் ஞாபகம் வந்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் கூப்பிட்டேன். தமிழுக்கான எண்ணை அமுக்கியதும் நான் பேசினேன். "தைரியமாகச் சொல்லுங்கள்" என்று என்னிடமே சொன்னேன். கேட்கக் கேட்க எனக்கே சபையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. போனை வைத்துவிட்டேன்.

அபி என்னைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அவளே எண்ணைப் போட்டு, அமுக்க வேண்டியதை எல்லாம் அமுக்கி, ஆள் வந்த பிறகு என்னிடம் தந்தாள்.

ஒரு பெண் ஆங்கிலத்தில் கேட்டார். இடையில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் மொழிபெயர்த்தார். பூட்டி வைத்திருக்கிறார்களா? இல்லை. அடிக்கிறார்களா? இல்லை. சம்பளம் உண்டா? உண்டு. வேலையை விட்டுப் போகலாமா? போகலாம், பதிலுக்கு ஆள் வைத்தால்.

"பதிலுக்கு ஆளெண்டா?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

சொன்னேன்.

"விளங்குது அண்ணை. இதை இங்கிலீஸில எப்பிடிச் சொல்றதெண்டுதான் யோசிக்கிறன்."

அவர் எப்படிச் சொன்னாரோ, அந்தப் பெண், லீவு எடுக்கும்போது வேறு ஆளை நிற்க வைப்பது போலவா என்று திருப்பிக் கேட்டார். இல்லை என்று மறுபடியும் முதலிலிருந்து சொன்னோம். கடைசியில் பாதிக்கப்பட்டவரின் பெயர் கேட்டார். பெயர் இல்லாமல் அந்த ஆலையைப் பொதுவாகப் பார்த்து வர ஆள் அனுப்பலாம். பெயர் இருந்தால் அவருடைய விஷயத்தையே எடுத்து விசாரிக்கலாம்.

உங்கள் பெயர் வெளியே வராது என்று நான்தான் பேசி வைத்திருக்கிறேன். ஆனாலும் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அபி கையை விரித்து ஏன், ஏன் என்று சைகை காட்டினாள். நான் தலையை ஆட்டினேன்.

"நீங்கள் சொன்ன நம்பிக்கையை நீங்களே நம்பவில்லை," என்றாள், போனை வைத்த பிறகு. அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஆங்கிலத்தில்கூட.

ஹெலனிடம் இன்னொன்றும் கேட்டேன். குற்றம் நிரூபணமானால் என்ன செய்வீர்கள்? திருந்தச் சொல்வோம், திருந்தாவிட்டால் கடைசியாக அந்த ஆலையிலிருந்து வாங்குவதை நிறுத்துவோம் என்றார். நிறுத்தினால் அங்கே தரையில் உட்கார்ந்து உடைக்கிற மற்றப் பெண்கள் எங்கே போவார்கள் என்று கேட்க நினைத்தேன். ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்தை நான் கட்டி முடிப்பதற்குள் அவருக்கு வேறு போன் வந்துவிட்டது.

6

ஜூலை கடைசியில் ஆலையைப் பார்க்க ஆட்கள் போனார்கள். வருகிறோம் என்று முன்னாலேயே எழுதிச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள், அதுதான் முறையாம். அறிக்கை நல்லபடியாக வந்திருக்கிறது என்று ஹெலன் என்னிடம் சொன்னார். எல்லாருடைய காகிதங்களும் அவரவர் கையில் இருக்கின்றன, படமும் எடுத்திருக்கிறார்கள் என்றார். அவர் குரலில் நிம்மதி இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா சொன்னாள்.

"காலத்தே மேனேஜர் அலமாரியைத் திறந்து ஆளாளுக்கு உள்ளதைக் கையில தந்தாரு அண்ணே. பிளாஸ்டிக் கவர்ல போட்டு. வந்தவிய கேட்டாவ, காகிதம் இருக்கான்னு. எல்லாரும் தூக்கிக் காட்டினோம். ஏதாவது குறை உண்டான்னு கேட்டாவ. மேனேஜர்தான் அதைத் தமிழ்ல சொன்னாரு. ஆரு என்ன சொல்ல? சாயந்தரம் திருப்பி வாங்கிட்டாவ."

"பிள்ளைக்க மார்க் லிஸ்டும் கையில தந்தாவளா?"

"தந்தாவ. அன்னைக்குப் பூரா நான்தான் வச்சிருந்தேன்."

அன்றைக்கு அந்த கேட் திறந்துதான் இருந்திருக்கும். பஸ் நிறுத்தம் பக்கத்தில்தான். நான் கேட்காததற்கு அவளே பதில் சொன்னாள்.

"எங்கயும் கொண்டு போகணும்னு தோணல்ல அண்ணே. மடங்கிராம பிடிச்சிட்டு இருந்தேன். அவ்வளவுதான்."

மார்க் லிஸ்டுக்கு நகல் வாங்கலாம், பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுக்கலாம் என்று அபி இங்கே கம்ப்யூட்டரில் தேடிக் கண்டுபிடித்தாள். அசல் காணாமல் போய்விட்டது என்று ஸ்டெல்லா எழுதிக்கொடுக்க வேண்டும். காணாமல் போகவில்லை, முதலாளியிடம் பத்திரமாக இருக்கிறது, எப்படிப் பொய் எழுத என்று அவள் கேட்டாள். அபிக்கு நான் இதை ஆங்கிலத்தில் சொல்ல முயன்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆகஸ்டில் ஸ்டெல்லாவுக்கு மூச்சு மிகவும் முட்டிப்போய் குழித்துறை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அங்கிருந்து நேராக வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே வாரம் ஜெனிஷா ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு மூன்று பஸ் மாறிப் போனாள். யாரும் வந்து இழுத்துப் போகவில்லை. அவளாகவே போனாள். நர்சிங் சேர்க்கை அதற்குப் பிறகு முடிந்துவிட்டது.

7

நான் ஒரே ஒரு காரியம் செய்தேன் என்று சொல்லலாம். ஹெலனிடம் போய், அந்த போனிலிருந்து என் குரலை எடுத்துவிடுங்கள் என்றேன். என்னை அவர்களுக்குத் தெரியும், தெரிந்ததால்தான் பயப்படுகிறார்கள் என்றேன். இந்தத் தடவை ஒரு பிழையும் இல்லாமல் சொல்லிவிட்டேன். ஹெலன் நன்றாகப் புரிந்துகொண்டார். சென்னைக்காரப் பெண் ஒருவரைப் பேச வைத்து மாற்றினார்கள். தெளிவான குரல். யாருக்கு வேண்டியவர் என்று யாருக்கும் தெரியாது.

போன ஞாயிறு மத்தியானம் போன் வந்தது. ஜெனிஷா. அவளாகக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. செல்போன் கைக்கு வந்ததும் அம்மாவோடு பேசிவிட்டு அடுத்தது எனக்கு. ஸ்பீக்கரில் போட்டேன். கிரேஸ் டியூட்டியில் இருந்தாள். அபி சோபாவில் இருந்தாள்.

"மாமா, அந்த போன்ல இப்ப வேற ஆரோ பேசுதாவ."

"ஆமா மக்களே, மாத்தியாச்சு."

"எதுக்கு மாத்தினிய?"

"உங்களுக்கு நல்லதுக்குத்தான். இப்ப பயப்படாம அடிச்சுச் சொல்லலாம்லா. நீ அடிச்சியா?"

"நாங்க தெனமும் அடிப்போம் மாமா. சாயந்தரம் கை கழுவிட்டு வரும்போ, மேனேஜர் சாயா குடிக்கப் போவாருல்லா, அப்ப. நீங்க பேசுதது முடியிறது வரை கேட்டுட்டு வைப்போம். இங்க உள்ளவளுவ உங்களைப் போலவே பேசிக் காட்டுவாளுவ. எனக்கு நம்ம கோயில் மைக் போல இருக்கும். இந்த அக்கா நல்லாத்தான் பேசுதாவ. ஆனா ரெண்டு நாள் கேட்டுட்டு விட்டாச்சு."

கணக்கில் வராத அழைப்புகள். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறை பிடித்திருக்கிறது, சாம்பல் தேய்த்தால் எரிச்சல் குறையும் என்று அக்காமார் சொல்லிக்கொடுத்தார்கள் என்றாள். வேலை பழகிவிட்டதா என்றேன். பழகிவிட்டது என்றாள். நான் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றியது.

"அடுத்த வருசம் நர்சிங் சேந்துக்கிடலாம் மக்களே. வயசு ஒண்ணும் ஆகல்லியே."

"சேரலாம் மாமா," என்றாள். "ஆனா எனக்குப் பதிலு ஆரு வருவா? அம்மைக்கு நான் ஒருத்திதானே."

அதில் அழுகை இல்லை, குறை சொல்வதும் இல்லை. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

அபி எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள். அவளுக்குப் புரிந்திருந்தது. ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"ஜெனி," என்றாள் தமிழில். "நான் அபி."

அந்தப் பக்கம் ஜெனிஷா ஏதோ சொல்லிச் சிரிப்பது மெதுவாகக் கேட்டது. அபி வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். பிறகு போனைக் காதில் வைத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள், என்ன சொல்ல வேண்டும் என்று நான் எடுத்துக்கொடுப்பேன் என்று.